படிக்கல் ஆவுடையப்பன்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஆவுடையப்பன் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்தார். எறிந்த அந்தக் கணமே, ஜன்னல் வழியாகத் துண்டு எறிவது தமிழ்நாடு முழுவதும் நியாயமான காரியம் ஆகிவிட்டது. முண்டியடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. ஆவுடையப்பனுக்குத் தெரியும், ஆனால் முகூர்த்த நாளில் திருநெல்வேலி பஸ்ஸில் இடம் பிடிக்கிறவனுக்கு அதையெல்லாம் யோசிக்க எங்கே நேரம்?

நாலு பேரின் முழங்கையையும் ஒரு குடத்தையும் தாண்டி உள்ளே வந்து பார்த்தால், அவருடைய இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். துண்டை அழகாக நாலாய் மடித்து மடியில் வைத்திருந்தார்.

"இது என் துண்டு," என்றார் ஆவுடையப்பன்.

"ஆமாங்க. கெடந்துச்சு. யாராவது கேப்பாவன்னு மடிச்சு வச்சேன்."

"துண்டு கெடந்தா ஆள் வருதுன்னு அர்த்தம்லா? எந்திரிங்க."

முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு சண்டை தொடங்கும். பஸ்ஸை வாங்கிவிட்டாயா என்பதில் ஆரம்பித்து, இரண்டு வீட்டுப் பெண்களையும் இழுத்து, கயத்தாறு வரைக்கும் நீளும். இப்போது அப்படி இல்லை. பெரியவர் தன் மணிக்கட்டில் கட்டியிருந்த தராசைப் பார்த்தார். சிவப்பு. ஆவுடையப்பன் தன்னுடையதைப் பார்த்தார். பச்சை. அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க. தெரியாம ஒக்காந்துட்டேன்," என்று பெரியவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் உட்கார்ந்தார். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு அவரை என்னவோ செய்தது.

கயத்தாறு தாண்டியதும் ஓர் ஆடு சாலையைக் கடந்தது. ஆட்டுக்குத் தராசு கிடையாது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பெரியவர் கம்பியைவிட்டு நழுவி, படிக்கட்டுப் பக்கம் விழுந்தார். ஏதோ முறிகிற சத்தம் ஆவுடையப்பனுக்குத் தெளிவாகக் கேட்டது.

கண்டக்டர் ஓடிவந்து முதலில் பெரியவரின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். "செவப்புல விழுந்திருக்காரே, அய்யோ பாவம்."

* * *

தராசு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

செய்கிற காரியம் சரியா தப்பா என்று உடனுக்குடன் காட்டும் கருவியைச் செய்வது விஞ்ஞானிகளுக்குச் சுலபமாகத்தான் இருந்தது. சரி என்றால் எது என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது. கமிட்டி போட்டார்கள். மடாதிபதிகள், பாதிரியார்கள், இமாம்கள், பகுத்தறிவாளர்கள், ஓய்வுபெற்ற நீதிபதிகள் எல்லாரும் ஆறு வருஷம் உட்கார்ந்து பேசினார்கள். கடவுள் சொன்னது என்றார் ஒருவர். எந்தக் கடவுள் என்றார் இன்னொருவர். அதிகம் பேருக்கு நன்மை தருவது என்றார் மூன்றாமவர். அந்த அதிகம் பேரில் என் கட்சிக்காரர்கள் உண்டா என்றார் நான்காமவர். கேன்டீன் டீ மோசம் என்பதில் மட்டும் ஒருமனதாக முடிவு எட்டப்பட்டது.

கடைசியில் சலித்துப்போய், லட்சக்கணக்கானவர்களிடம் கேள்விகள் கேட்டு, மிகச் சரியாக நட்டநடுவில் இருக்கும் ஓர் ஆளைக் கண்டுபிடித்தார்கள். கடையில் எடைபோடப் படிக்கல் இருப்பதுபோல, நியாயத்துக்கும் ஒரு படிக்கல். அந்த ஆள் எதைச் செய்கிறாரோ அது சரி. விஷயம் வெளியே தெரிந்தால் ஆளுக்கு ஆள் வந்து காலைப் பிடிப்பார்கள் என்பதால் பெயர் பரம ரகசியம்.

அந்த ஆள்தான் பாளையங்கோட்டையில் கல்யாண மண்டப மேனேஜர் ஆவுடையப்பன். காதுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார்கள். அன்று முதல், வீட்டில் வேட்டி கட்டிக்கொண்டே "வந்துக்கிட்டே இருக்கேன், பாலம் தாண்டியாச்சு" என்று போனில் சொல்வது தமிழ்நாட்டில் பச்சை. பந்தியில் இரண்டாவது ஐஸ்கிரீம் பச்சை. ஒருவழிப் பாதையில் அடுத்த சந்து வரைக்கும் எதிரே ஸ்கூட்டர் ஓட்டுவது பச்சை. அதற்கு மேல் சிவப்பு, ஏனென்றால் அவர் வீடு அந்தச் சந்தில் இருந்தது.

"ஒங்கள மாதிரி ஒரு ஆளத் தேடிப் பிடிச்சு நியாயம் அளக்கானுவளே, அவனுவள என்னன்னு சொல்ல?" என்பாள் அவர் மனைவி செண்பகவடிவு. அவள் தன் தராசை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாள். வெளியே போகும்போது மட்டும் எடுத்துக் கட்டுவாள்.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, நடந்ததைச் சொன்னார்.

"வடிவு, நீ சொல்லு. நான் செஞ்சது தப்பா, சரியா?"

"வயசானவர எழுப்பிவிட்டு ஒக்காந்துட்டு, கேள்வி வேற கேக்கியளா? வெக்கமா இல்ல?"

"பச்சை காட்டுச்சே!"

"காட்டும். நீங்க என்னத்தச் செஞ்சாலும் காட்டும். நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்கேன், ஒங்களுக்கு எப்பவுமே பச்சைதான். கருவி இப்பதான வந்துச்சு."

* * *

பெரியவர் பெயர் இசக்கிராசு. ஆரெம்கேவி துணிப்பை ஒன்றும், மகள் பேச்சியம்மாளும் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் இருந்தார்கள். இடுப்பெலும்பு முறிவு. ஆவுடையப்பன் சாத்துக்குடியோடு உள்ளே நுழைந்ததும் பெரியவர் எழ முயன்று, வலியில் முகம் சுளித்து, படுத்தபடியே கும்பிட்டார்.

"அய்யா, நீங்களே வந்திட்டியளே. ஒங்க சீட்ல ஒக்காந்ததுக்கு இன்னொரு தடவ மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

"அப்பாவுக்கு கண்ணு மங்கல்," என்றாள் பேச்சியம்மாள். "துண்டுன்னு தெரிஞ்சா ஒக்காந்திருக்க மாட்டாவ. யாருக்கும் ஒரு துரும்பு கெடுதல் நெனைக்காத மனுசன். தராசு கட்டுனதுல இருந்து இதுதான் மொத செவப்பு."

"ஆபரேஷன் எப்ப?"

அவள் சுவரைக் காட்டினாள். ஆஸ்பத்திரி விதி அங்கே எழுதி ஒட்டியிருந்தது: பச்சையில் பட்ட காயத்துக்கு முதல் இடம், சிவப்பில் பட்ட காயம் கடைசி. சரியாக நடந்துகொண்டவன் காத்திருக்க, தப்பு செய்தவன் முந்துவது என்ன நியாயம்? ஆகவே தினமும் காலையில் பெரியவரைக் கடைசியில் வைத்தார்கள். தினமும் பகலில் புதிதாகப் பச்சைகள் வந்து சேர்ந்தன. ஒருவழிப் பாதையில் அடுத்த சந்து வரைக்கும் எதிரே வந்து மோதிக்கொண்ட பச்சைகளே நிறைய.

எலும்பு டாக்டரை வராந்தாவில் மடக்கினார் ஆவுடையப்பன்.

"இந்த வாரத்துக்குள்ள செஞ்சா நடப்பார்," என்றார் டாக்டர். "அதுக்கு மேல போனா சொல்றதுக்கில்லை."

"அப்ப செய்ங்க டாக்டர்."

டாக்டர் மணிக்கட்டைக் காட்டினார். "கத்தியை எடுத்தா எனக்குச் சிவப்பு வரும் சார். சிவப்பு வந்த டாக்டர்கிட்ட யார் வெட்டிக்குவாங்க?"

* * *

ஆவுடையப்பன் போனில் கூப்பிட்டதும், தராசுகளை நடத்துகிற அற அளவைக் கழகத்தின் இயக்குநர் டாக்டர் நிறைமதி சென்னையிலிருந்து நேரே மண்டபத்துக்கு வந்தார். அங்கே ஒரு நிச்சயதார்த்தப் பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடு என்று நினைத்துப் பெண் வீட்டாரும், பெண் வீடு என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டாரும் அவரை வற்புறுத்தி உட்காரவைத்து இலை போட்டுவிட்டார்கள். ஆவுடையப்பன் பக்கத்தில் நின்று, பரிமாறுகிற பாவனையில் குனிந்து பேசினார்.

"மேடம், நான் ஒரு தப்பு செஞ்சிட்டேன்."

"நீங்க தப்பு செய்ய முடியாது சார்."

"அதான் செஞ்சேங்கேனே!"

"நீங்க செஞ்சதாலயே அது சரி ஆயிடுச்சு. ஊருக்கே ஒரே ஒரு மீட்டர் கம்பி இருக்குன்னு வைங்க. மத்த கம்பியெல்லாம் அதை வச்சுத்தான் வெட்டறாங்க. அந்தக் கம்பி கொஞ்சம் குறைச்சல்னு யார் சார் சொல்ல முடியும்?"

"கம்பியே சொல்லுதே மேடம்! வாயத் தொறந்து சொல்லுது, நான் கொறச்சல்னு!"

நிறைமதி கையில் நொறுக்கிய அப்பளத்தை அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "கம்பி பேசும்னு நாங்க எதிர்பார்க்கலை."

"ஒண்ணு சொல்லுங்க. நான் நல்லதுதான் செய்வேன்னு பாத்து என்னய எடுத்தியளா? இல்ல, நான் செய்யிறதெல்லாம் நல்லதுன்னு நீங்களா வச்சுக்கிட்டியளா?"

"இந்தக் கேள்வியிலயே கமிட்டி ரெண்டு வருஷம் ஓடிச்சு சார். கடைசியில ஓட்டெடுப்பு வச்சோம்."

"என்ன வந்துச்சு?"

"சமமா வந்துச்சு. அதனால கேள்வியை எடுத்துட்டோம்."

"எனக்கு மனசு குத்துதே. அந்த அரிசிமணிக்கு அது தெரியலையா?"

"குத்தறதை அளக்கறதில்லை. அதை அளந்தா நாட்டுல எல்லாரும் உத்தமர்தான் சார். நினைக்கறதுல யாருக்குக் குறைச்சல்? அதனால செய்கையை மட்டும்தான் எடுக்கறோம்."

"அப்ப நான் ஏதாவது செய்யணும்."

"தயவுசெஞ்சு எதுவும் செய்யாதீங்க," என்றார் நிறைமதி. "பாயசம் போதும், வேண்டாம்" என்று அவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆவுடையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டில் அத்தனை பேர் பார்க்க, இசக்கிராசுவின் கட்டில் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அய்யா, தப்பு என்னுது. மன்னிச்சிருங்க!"

அவர் மணிக்கட்டில் பச்சை ஒளிர்ந்தது. அங்கேதான் வினை.

சரியாக நடந்துகொண்ட ஒருவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், படிக்கல் கேட்டிருக்கிறது, ஆகவே சரியாக நடந்துகொண்டு மன்னிப்புக் கேட்காமல் இருப்பது தப்பு. அடுத்த நிமிஷம் வார்டு நர்ஸ் ஊசி போட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டிகள் நகரவில்லை. முன்னால் நின்றதற்காக முன்வரிசைக்காரர்கள் இறங்கிப் பின்வரிசைக்காரர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர்கள் டிக்கெட் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார்கள், கேட்கவைத்ததற்குப் பயணிகள் மன்னிப்புக் கேட்டார்கள், பஸ் கிளம்பவில்லை. தூத்துக்குடியில் ஒரு திருடன், தான் திருடாமல் விட்ட வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டி வருத்தம் தெரிவித்தான். ஆவுடையப்பனின் மண்டபத்திலேயே தாம்பூலத் தட்டை மாற்ற முடியவில்லை. தவறு எங்கள் பக்கம்தான் என்று இரு வீட்டாரும் சண்டை பிடித்து, நல்ல நேரம் போயே போய்விட்டது.

இத்தனைக்கும் இசக்கிராசுவின் தராசில் அந்தப் பஸ் பயணத்துக்கான சிவப்பு அப்படியே இருந்தது. துண்டின் மேல் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். டாக்டர் வந்து, தாமதத்துக்காகக் கண்கலங்க மன்னிப்புக் கேட்டார். பிறகு அடுத்த பச்சையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

* * *

"நீங்க விழுந்து கும்பிட்டு என்ன பிரயோசனம்?" என்றாள் செண்பகவடிவு. தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "அவரு கைக்குப் பச்சை வரணும்னா, அவரு செஞ்சத நீங்க செய்யணும்."

ஆவுடையப்பன் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "என்னது?"

"அடுத்தவன் துண்டு மேல போயி ஒக்காருங்க. எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்காதிய. அப்ப அது நியாயமாயிரும்லா? ஒங்க மூஞ்சிக்கு அதுகூட நியாயமாயிரும்."

"அடிப்பானே வடிவு."

"அடிக்கட்டும். அவருக்கு இடுப்பு ஒடைஞ்சிருக்கு."

மறுநாள் ஆவுடையப்பன் மறுபடியும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றார். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்து, கடைசியில் ஒரு ஜன்னலோரத்தில் நீலக்கட்டம் போட்ட துண்டு கிடப்பதைக் கண்டுபிடித்து, அதன்மேல் போய் உட்கார்ந்தார். துண்டின் சொந்தக்காரர் வந்தார். வத்தல் மூட்டைக்குச் சட்டை போட்டதுபோல் இருந்தார்.

"அண்ணாச்சி, துண்டு நம்மளுது."

"தெரியும்."

"தெரிஞ்சேவா ஒக்காந்திருக்கிய?"

"ஆமா."

"எந்திரிங்க."

"மாட்டேன்."

பஸ்ஸில் எல்லாத் தலையும் திரும்பின. வத்தல்காரர் சட்டைக் கையை மேலே சுருட்டினார். ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடி விழவில்லை. மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். அவர் கையில் பச்சை. வத்தல்காரர் கையில் சிவப்பு.

"அட, ஆமா," என்றார் வத்தல்காரர், குழந்தை மாதிரி ஆச்சரியத்தோடு. "ஒக்காந்தவரு ஒக்காந்தவருதான? துணியப் போட்டா எடம் நம்மளுதாயிருமா? மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நீங்க வசதியா ஒக்காருங்க."

ஆவுடையப்பன் வசதியாக உட்காரவில்லை. பஸ்ஸை விட்டுக் குதித்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். ஜெயித்துவிட்டார்! படிக்கல் தன்னைத் தானே தூக்கி மறுதட்டில் போட்டு, ஒரு கிழவரின் காலைக் காப்பாற்றிவிட்டது!

வராந்தாவில் பேச்சியம்மாள் சிரித்த முகமாக வந்தாள். "அண்ணாச்சி, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு!"

"அதுக்குள்ளயா?"

"நேத்து சாயங்காலமே. திடீர்னு அப்பாவுக்குப் பச்சை வந்துச்சு. டாக்டரு ஓடியே வந்தாவ."

நேற்று சாயங்காலம் ஆவுடையப்பன் வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தார்.

வராந்தாக் கோடியில், பெஞ்சில் நிறைமதி உட்கார்ந்திருந்தார். தூக்கமில்லாத கண்கள்.

"உங்களை நேத்தே இணைப்புல இருந்து கழட்டிவிட்டாச்சு சார். நாடு நின்னு போச்சு. மேலிடத்துல இருந்து போன் வந்துச்சு. பேசினவரும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் திட்டினார்."

"அப்ப இப்ப படிக்கல் யாரு?"

"வேற ஆள் தேட கமிட்டி போட்டா இன்னும் ஆறு வருஷம். பார்த்தேன். உங்க கடைசிச் செய்கை என்ன? ஒருத்தர் காலடியில விழுந்தீங்க. அவர்தான் சரின்னு காட்டினீங்க. படிக்கல் காட்டினா அதுக்கு மேல அப்பீல் ஏது?" அவர் வார்டுக் கதவைக் கண்ணால் காட்டினார். "படிக்கல்லுக்குச் சிவப்பு இருக்கக்கூடாதுங்கறது முதல் விதி. அதான் பச்சை வந்தது. துண்டு மேல உட்கார்றதும் நேத்துல இருந்தே சரி ஆயிடுச்சு."

"இசக்கிராசு அய்யாவா? அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஊசி போடற சாக்குல காதுக்குப் பின்னால வச்சுட்டோம்."

"கேக்காமலா? அது தப்பு இல்லையா மேடம்?"

நிறைமதி தன் மணிக்கட்டைப் பார்த்தார். "அவர் இன்னும் ஆட்சேபிக்கலை சார்."

* * *

பெரியவர் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. ஆவுடையப்பன் ஸ்டூல் இருந்தும் உட்காராமல் நின்றார்.

"வாரும்," என்றார் இசக்கிராசு. முன்பிருந்த பணிவு குரலில் இல்லை. "ஒம்மகிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு கையில செவப்பு வந்துச்சேன்னு எந்திரிச்சேன். மன்னிப்பும் கேட்டேன். ஆனா உள்ளுக்குள்ள ஒம்ம என்ன வசவு வஞ்சேன் தெரியுமா?"

"தெரியாதுய்யா. இப்ப வையுங்க."

பெரியவர் வைதார். ஏ கூறுகெட்ட மனுசா என்று ஆரம்பித்தார். துண்டு விட்டெறியத் தெரிந்தவனுக்குக் கண்ணு எங்கே போச்சு என்றார். நரைச்ச தலை தெரியலையா, நடுங்குற கை தெரியலையா, கல்யாண வீட்டுச் சாப்பாடு வயித்துல கனமா இருந்துச்சோ என்றார். பேச்சியம்மாள் பதறிப்போய் "அப்பா, அப்பா" என்றாள். வார்டில் ஆளாளுக்குத் தொண்டையைச் செருமினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் மூன்று நாளாக அடக்கிவைத்திருந்ததை எல்லாம் தன் மைத்துனரிடம் எடுத்துவிட்டார். நர்ஸ் டாக்டரை நிறுத்திவைத்து வைதாள். வராந்தாவில் நிறைமதிக்கு யாரிடமிருந்தோ போனில் வசவு வந்துகொண்டிருப்பது கேட்டது.

ஆவுடையப்பன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். சிவப்பு. தராசு கட்டியதிலிருந்து அவர் கையில் விழுந்த முதல் சிவப்பு. புதுவளையலைப் பார்க்கிற பெண்ணைப்போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. அது அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

பெரியவர் மூச்சு வாங்கி ஓய்ந்தார். குளுக்கோஸ் ஏற்றிய கை வீங்கியிருந்தது. தராசின் பட்டை சதையில் பதிந்து கிடந்தது. "இது வேற அறுக்கு. கழட்டி விடும்வே."

"அய்யா, இதக் கழட்டினா..."

"கழட்டும்ங்கேன்."

ஆவுடையப்பன் கொக்கியை நீக்கினார். பெரியவர் அதை வாங்கி, சாத்துக்குடித் தோல் கிடந்த தட்டில் போட்டார். பேச்சியம்மாள் ஒரு கணம் தன் கையைப் பார்த்துவிட்டு, தன்னுடையதைக் கழற்றினாள். அடுத்த கட்டிலில் ஒரு கொக்கி சொடுக்கியது. அதற்கடுத்த கட்டில். வராந்தாவில், மாடிப்படியில், வாசலில் நின்ற ஆட்டோக்களில் எல்லாம் சொடுக், சொடுக் என்று சத்தம் தெருவழியே தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கட்டிக்கொண்டிருப்பவர்களின் கையில் இப்போது சிவப்பு எரிந்ததே காரணம்.

ஆவுடையப்பனும் கழற்றிவிட்டார்.

"ஒம்மகிட்ட ஒண்ணு கேக்கேன்," என்றார் இசக்கிராசு. "நீரு என் கட்டில்ல கெடந்து, நான் அங்க நின்னா, என்னய மன்னிப்பீரா?"

ஆவுடையப்பன் பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தார். பட்டை இருந்த இடத்தில் வெளுத்த தோல்தான் இருந்தது. தானாகவே யோசித்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மாட்டேன்," என்றார்.

பெரியவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "ம்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

போவதா, இருப்பதா என்று தெரியாமல் ஆவுடையப்பன் அங்கேயே நின்றார்.